கன அடி, டிஎம்சி, இஞ்ச், லிட்டர்: மாதேஸ்வரன் மலையைச் சுற்றி ஓடும் அளவுகள்

2024 ஜூலை 11 அன்று காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு கர்நாடகத்துக்கு ஒரு பரிந்துரை செய்தது. மறுநாள் முதல் மாத இறுதிவரை, நாளொன்றுக்கு 1 டிஎம்சி வீதம் பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்துக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும். மூன்று நாள் கழித்துப் பெங்களூரில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, 8,000 கன அடிதான் விட முடியும் என்று முடிவெடுத்தது. இரண்டு எண்களும் செய்திகளில் அடுத்தடுத்து வந்தன. 1 பெரிதா, 8,000 பெரிதா? காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட ஒரு நிமிடம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். ஒன்று நாள் கணக்கு, மற்றொன்று வினாடிக் கணக்கு.

விடை எளிது. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. ஒன்றை மற்றதால் வகுத்தால், வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி சேரும். 8,000 கன அடி என்றால் நாளுக்கு 0.69 டிஎம்சி. குழு கேட்டது இருபது நாளுக்கு 20 டிஎம்சி. கூட்டம் ஒப்புக்கொண்ட வீதத்தில் அது 13.8 டிஎம்சிதான் ஆகும். அந்த 6 டிஎம்சி இடைவெளிதான் அரசியல். அந்த ஆண்டு வானமே வழக்கைத் தீர்த்துவைத்தது. மாதம் முடிவதற்குள் அணைகள் நிரம்பி வழிந்தன, மேட்டூர் 120 அடியைத் தொட்டது. வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி வந்தால் ஒரே நாளில் 8.64 டிஎம்சி. அந்த வெள்ளத்தின் முன்னால் 8,000-மும் 11,574-மும் ஒன்றுதான்.

ஓட்ட அலகுகளை மாற்றுவது பள்ளிக்கூடக் கணக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெருக்கல் பகுதி உண்மையிலேயே பள்ளிக்கூடக் கணக்குதான். சண்டை வருவது பெருக்கலில் அல்ல. எண்ணோடு சேர்ந்து வரவேண்டிய மூன்று தகவல்கள் வழியில் உதிர்ந்துபோகின்றன: எவ்வளவு நேரத்துக்கு, எந்த இடத்தில் அளந்தது, காற்றோ வாயுவோ என்றால் எந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் அளந்தது. இதைச் சோதித்துப் பார்க்க மாதேஸ்வரன் மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. காவிரியை இரண்டு மாநிலங்களும் அளக்கும் புள்ளிகள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன.

மலை இப்போது கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1997 வரை மைசூர் மாவட்டம். மலை இருந்த கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சேலம், ஈரோடு, தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் மாதேஸ்வரனைக் குலதெய்வமாகக் கும்பிடுவதற்கு எல்லைக்கோடு ஒரு தடையாக இருந்ததில்லை. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் போகும் பேருந்து பாலாற்றைக் கடந்துதான் மலையேறுகிறது. வேலூர்ப் பக்கத்துப் பாலாறு வேறு. இது காட்டுக்குள்ளிருந்து வந்து மேட்டூர் அணையின் தேக்கத்தில் கலக்கும் சிற்றாறு.

அந்தச் சிற்றாறு கலக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. அதற்குக் கீழே ஒகேனக்கல், அதற்கும் கீழே மேட்டூர் நீர்த்தேக்கம். மலையின் தெற்குச் சரிவில் பெய்யும் மழை பாலாறு வழியாக நேரே மேட்டூருக்குப் போய்விடும். பிலிகுண்டுலுவின் பதிவேட்டுக்கு அது தெரியாது. வடக்கே ஹனூர்ப் பக்கம் பெய்யும் மழையில் ஒரு பகுதி உடுதொரெ ஓடையாகி, பிலிகுண்டுலுவுக்கு மேலேயே காவிரியில் சேர்கிறது; அது கணக்கில் ஏறும். மேகம் ஒன்று, மலை ஒன்று. தண்ணீர் எந்தச் சரிவில் இறங்குகிறது என்பதைப் பொறுத்து, அது கர்நாடகம் கொடுத்த நீராகிறது அல்லது மேட்டூருக்குத் தானாக வந்த நீராகிறது.

இது வேடிக்கைக்காகச் சொல்வதல்ல. காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25 அன்று தந்த இடைக்காலத் தீர்ப்பு, ஆண்டுக்கு 205 டிஎம்சி என்றது. அது மேட்டூரில் அளக்கப்படும் நீர். 2007 பிப்ரவரி 5 இறுதித் தீர்ப்பு 192 டிஎம்சி என்றது. அது பிலிகுண்டுலுவில். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது, அதுவும் பிலிகுண்டுலுவில். மூன்று எண்களையும் வரிசையாக அடுக்கி, 205-லிருந்து 192, அதிலிருந்து 177 என்று குறைந்துகொண்டே வந்ததாக மேடைகளில் பேசுவது வழக்கம். இரண்டாவது குறைவு உண்மை. முதலாவதில் அளக்கும் இடமே மாறிவிட்டது. இடையில் சேரும் பாலாற்றையும் சின்னாற்றையும் கழிக்காமல் அந்த இரண்டு எண்களையும் ஒப்பிடக் கூடாது. ஒரே டிஎம்சி, ஒரே ஆறு. ஆனாலும் இடம் சொல்லாவிட்டால் எண் பொய் சொல்லும்.

மாதவாரிக் கணக்கிலும் இதே கதை. 177.25 டிஎம்சி பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பிரிக்கப்படவில்லை. ஆகஸ்டுக்கு 45.95, பிப்ரவரிக்கு 2.5. இவற்றை வினாடி வீதமாக மாற்றிப் பார்த்தால்தான் ஆற்றின் முகம் தெரிகிறது: ஆகஸ்டில் சராசரியாக 17,150 கன அடி, பிப்ரவரியில் 1,030 கன அடி. 2023 செப்டம்பரில் மழை பொய்த்தபோது குழு சொன்ன 5,000 கன அடி, பதினைந்து நாளைக்கு 6.48 டிஎம்சி. அந்த மாதத்துக்கு உரிய பங்கோ 36.76. மாண்டியாவில் விவசாயிகள் தெருவுக்கு வந்தது அந்த 5,000-ஐ எதிர்த்து. தஞ்சாவூரில் தெருவுக்கு வந்தது அது போதாது என்று. இருவர் கையிலும் இருந்தது ஒரே எண். ஒருவர் அதை அணையில் மீதமிருப்பதோடு ஒப்பிட்டார், மற்றவர் வயலுக்கு வேண்டியதோடு ஒப்பிட்டார்.

இன்னொரு பழைய அளவையும் சொல்லியாக வேண்டும். 1924 பிப்ரவரியில் மைசூரும் சென்னையும் போட்ட ஒப்பந்தத்தில், கண்ணம்பாடி அணையில் தண்ணீர் தேக்குவதற்கான விதி கன அடியில் எழுதப்படவில்லை. திருச்சிக்கு மேற்கே, முக்கொம்பில் இருக்கும் மேலணையின் அளவுகோலில் நீர்மட்டம் இத்தனை அடி நிற்க வேண்டும் என்று எழுதப்பட்டது. ஜூனில் ஆறரை அடி, ஜூலை, ஆகஸ்டில் ஏழரை அடி. அதற்கு மேல் வந்தால்தான் மைசூர் தேக்கலாம். படிக்க எளிது, கல்லில் செதுக்கிய கோட்டைக் குழந்தையும் பார்த்துச் சொல்லிவிடும். சிக்கல் என்னவென்றால் மட்டம் ஓட்டமாகாது. ஆற்றின் அகலம், ஆழம், அடியில் கிடக்கும் மணல், தண்ணீரின் வேகம் எல்லாம் சேர்ந்துதான் ஓட்டம். வெள்ளம் வந்து மணலை அரித்துவிட்டுப் போனால், அதே ஏழரை அடிக்கு வேறு கன அடி. மணல் மேடிட்டால் மறுபடி வேறு. அளவுகோல் சரியாகத்தான் இருக்கும், கோலுக்கும் கன அடிக்கும் நடுவே இருக்கும் அட்டவணைதான் ஆண்டுக்காண்டு பழுதாகும்.

பிலிகுண்டுலுவிலும் இன்று அடிப்படை அதுதான், முறை மட்டும் நுட்பமானது. ஆற்றைக் குறுக்கே பல துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து, சுழலும் கிண்ணங்கள் கொண்ட கரண்ட் மீட்டரை மொத்த ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே இறக்கி வேகம் எடுக்கிறார்கள். ஆழம் அதிகமென்றால் பத்தில் இரண்டிலும் எட்டிலும் எடுத்துச் சராசரி போடுகிறார்கள். வேகத்தை அந்தத் துண்டின் பரப்பால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் ஓட்டம். கிடைப்பது வினாடிக்கு இத்தனை கன மீட்டர். அதை 35.31-ஆல் பெருக்கினால் நாம் பத்திரிகையில் படிக்கும் கன அடி.

இந்த 35.31-ஐச் சிலர் 35.3146667 என்று ஏழு தசமம்வரை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரு அடி சரியாக 0.3048 மீட்டர் என்பதால் அந்தத் தசமங்கள் தவறல்ல. ஆனால் கரண்ட் மீட்டரோடு படகில் நிற்பவரிடம் கேட்டால் சிரிப்பார். நல்ல நிலையிலேயே ஆற்று அளவீட்டில் சில சதவீதப் பிழை சகஜம். 10,000 கன அடியில் 5 சதவீதம் 500 கன அடி. மாதம் முழுவதும் அப்படியே நீடித்தால் 1.3 டிஎம்சி. பிப்ரவரிப் பங்கில் பாதி. மாற்று எண்ணின் ஏழாவது தசமத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இந்த 1.3 டிஎம்சியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

மேட்டூரில் அறிவிக்கப்படும் நீர்வரத்து இன்னொரு வகை. அங்கே ஓட்டத்தை நேரடியாக அளப்பதைவிட, அணையின் மட்டம் எவ்வளவு ஏறியது, எவ்வளவு வெளியே விட்டோம், எவ்வளவு ஆவியானது என்று பின்னிருந்து கணக்குப் போடுவதே வசதி. 120 அடிக்கு 93.47 டிஎம்சி கொள்ளும் ஏரியில் மட்டத்தை ஓர் அங்குலம் தப்பாகப் படித்தாலும் வரத்து ஆயிரக்கணக்கில் மாறிவிடும். பிலிகுண்டுலுவில் 12,000, மேட்டூரில் 10,500 என்று ஒரே நாளில் செய்தி வருவதைப் பார்த்து நடுவில் யாரோ திருடிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. பயண நேரமும் அளக்கும் முறையுமே அந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் விளக்கிவிடும்.

ஆற்றை விட்டு நிலத்துக்கு வந்தால் அலகு தலைகீழாகிறது. கொளத்தூரிலும் கொள்ளேகாலிலும் போர் போட்ட விவசாயியிடம் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால், தமிழிலும் கன்னடத்திலும் ஒரே மாதிரி, ரெண்டு இஞ்ச் என்பார். அது குழாயின் விட்டமல்ல. ரிக் வண்டிக்காரர் தண்ணீரை ஒரு தகரத் தொட்டியில் விட்டு, அதில் வெட்டியிருக்கும் முக்கோண வாய் வழியாக வழிய விடுகிறார். அந்த வாயில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதே இஞ்ச். வாயின் கோணம் 90 பாகை என்றால், ஓட்டம் அந்த உயரத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏற்றபடி கூடும். இதன் விளைவு பலருக்குத் தெரியாது. ஒரு இஞ்ச் தண்ணீர் மணிக்குச் சுமார் 510 லிட்டர்தான். ரெண்டு இஞ்ச் 2,900 லிட்டர். மூணு இஞ்ச் 8,000 லிட்டரைத் தொடும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் இரட்டிப்பல்ல, ஐந்தரை மடங்குக்கும் மேல். பக்கத்து வயல்காரருக்கு மூணு, எனக்கு ரெண்டு, கொஞ்சம்தான் குறைச்சல் என்று ஆறுதல்பட்டுப் பெரிய மோட்டார் வாங்கி மாட்டுபவர், பக்கத்து வயலில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு ஏமாறுகிறார். மோட்டாரின் தகட்டிலோ வினாடிக்கு இத்தனை லிட்டர் என்றோ, மணிக்கு இத்தனை கன மீட்டர் என்றோ இருக்கும். மணிக்கு 1 கன மீட்டர் என்பது நிமிடத்துக்கு 16.7 லிட்டர். ரெண்டு இஞ்ச் கிணற்றுக்கு மணிக்கு 3 கன மீட்டருக்கு மேல் இழுக்கும் மோட்டார் வீண். இங்கே இஞ்சை ஒரு எண்ணால் பெருக்கி லிட்டராக்க முடியாது என்பதுதான் செய்தி. அட்டவணை வேண்டும், வாயின் கோணமும் தெரிந்திருக்க வேண்டும்.

நகரத்துக் குடிநீருக்கு வேறு மொழி: நாளுக்கு மில்லியன் லிட்டர், சுருக்கமாக எம்எல்டி. 1 கன அடி ஓட்டம் நாளுக்கு 24.5 லட்சம் லிட்டர், அதாவது 2.447 எம்எல்டி. 2024 அக்டோபரில் பெங்களூரு காவிரிக் குடிநீரின் ஐந்தாம் கட்டத்தைத் தொடங்கிவைத்தபோது சொன்ன எண் 775 எம்எல்டி. கேட்டால் எங்கோ இருக்கும் தொழிற்சாலைக் கணக்குபோல் இருக்கிறது. மாற்றிப் பார்த்தால் 317 கன அடி. ஆண்டு முழுக்கக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 10 டிஎம்சி. அதற்கு முன் நகரம் எடுத்துவந்த 1,450 எம்எல்டி ஆண்டுக்கு 18.7 டிஎம்சி. இரண்டும் சேர்ந்தால் 28 டிஎம்சிக்கு மேல், ஆண்டின் எந்த மாதத்திலும் நிறுத்த முடியாத நீர். எல்லையின் இந்தப் பக்கம் ஃபுளோரைடு தண்ணீரால் பல் கறுத்த தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் 2013-இல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எடுப்பது ஆண்டுக்கு 1.4 டிஎம்சி. அதைப் பெங்களூரின் மொழியில் சொன்னால் 109 எம்எல்டி, ஆற்றின் மொழியில் சொன்னால் வினாடிக்கு 44 கன அடி. இந்தத் திட்டத்தை எதிர்த்து எவ்வளவு கூச்சல் எழுந்தது என்பது நினைவிருப்பவர்கள், அந்த 44 கன அடியை ஆகஸ்டுப் பங்கின் 17,150-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கூச்சலிட்டவர்கள் யாரும் அப்படி வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

 

தண்ணீரில் ஒரு நிம்மதி உண்டு. குளிர்ந்தாலும் சுட்டாலும் மலைமேல் நின்றாலும் கடலோரம் நின்றாலும் ஒரு கன மீட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கன மீட்டரே, ஒரு டன் எடையே. வாயு அப்படியல்ல, அமுக்கினால் சுருங்கும், சூடாக்கினால் விரியும். அதனால்தான் இந்தியாவில் இயற்கை எரிவாயு ஒப்பந்தங்கள் 15 பாகை செல்சியஸ், கடல்மட்டக் காற்றழுத்தம் என்ற நிலைக்குக் குறைத்து, திட்ட கன மீட்டர் என்று எண்ணுகின்றன. தொழிற்சாலைக் கருவிகள் பலவற்றில் 0 பாகையில் அளந்த கன மீட்டர் வரும். இரண்டுக்கும் வேறுபாடு 5.5 சதவீதம். ஆற்றில் அவ்வளவு பிழை வந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை என்று மேலே சொன்னேன். வாயு விற்பவர் கண்டுகொள்வார், ஏனெனில் அவருக்கு ஒவ்வொரு சதவீதமும் காசு.

பெங்களூருக்கு 2013-இல் வந்த தாபோல் குழாயின் கொள்திறன் நாளுக்கு 1.6 கோடி திட்ட கன மீட்டர். வினாடிக்குப் போட்டால் 185 கன மீட்டர், அதாவது சுமார் 6,500 கன அடி: கோடையில் காவிரி கனவில்கூடக் காணாத ஓட்டம். ஒரு இரும்புக் குழாய்க்குள் ஆறு எப்படிப் போகிறது? அழுத்தத்தால்தான். எழுபது மடங்கு காற்றழுத்தத்தில் அதே வாயு வினாடிக்கு 3 கன மீட்டருக்குள் அடங்கிவிடும். எடையையும் பார்த்தால், 185 கன மீட்டர் தண்ணீர் 185 டன். அதே கன மீட்டர் வாயு கால் டன்னுக்கும் கீழே. கன அடிக்குக் கன அடி என்று தண்ணீரையும் வாயுவையும் ஒப்பிடும் வாட்ஸப் கணக்குகளை நம்பாமல் இருக்க இது ஒன்றே போதும்.

உயரமும் கணக்கில் வரும். மாதேஸ்வரன் மலைக்கோயில் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. பெங்களூரும் ஏறத்தாழ அதே உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு. அடுப்புக்கு வரும் குழாய் வாயுவின் அழுத்தம் காற்றழுத்தத்தைவிட மிகக் கொஞ்சம்தான் அதிகம். ஆகவே திருத்தம் செய்யாத மீட்டர் ஒன்றில் 25 பாகை வெப்பத்தில் 1 கன மீட்டர் என்று காட்டினால், உள்ளே போனது 0.89 திட்ட கன மீட்டர். சென்னையில் அதே மீட்டர் இதைவிட நேர்மையாக இருக்கும். சமையல் சிலிண்டருக்கு இந்தத் தலைவலியே கிடையாது, 14.2 கிலோ மலைமேலும் 14.2 கிலோதான். வாயுவை எடையாலோ வெப்ப ஆற்றலாலோ விற்பதே நியாயம் என்பது என் கருத்து. உலகச் சந்தையில் விலை பேசுவது ஏற்கெனவே ஆற்றல் கணக்கில்தான், கன மீட்டர் வருவது நம் வீட்டு ரசீதில்.

இதெல்லாம் காசு விவகாரம். உயிர் விவகாரமும் இதே மாவட்டத்தில் நடந்தது. கொரோனாக் காலத்தில், 2021 மே 2 இரவையும் மறுநாளையும் ஒட்டிய 24 மணி நேரத்தில் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் 24 நோயாளிகள் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் அமைத்த குழு ஆக்சிஜன் பற்றாக்குறையைச் சுட்டியது. சிலிண்டர்கள் மைசூரிலிருந்து வர வேண்டியிருந்தது. அலகுக் குழப்பத்தால் அது நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. நிர்வாகத்தின் தோல்வியைக் கணக்கின் தலையில் கட்டுவது நியாயமல்ல. ஆனால் அந்த மாதத்தில் நாடு முழுவதும் ஆக்சிஜனை நான்கு மொழியில் பேசினார்கள்: மத்திய அரசு டன்னில் ஒதுக்கியது, ஆலை கன மீட்டரில் கொடுத்தது, கிடங்கு சிலிண்டரில் எண்ணியது, வார்டில் நிமிடத்துக்கு லிட்டரில் ஓடியது.

நான்கையும் இணைக்கும் எண்கள் இவை. பெரிய சிலிண்டரின் உள்ளே 47 லிட்டர் தண்ணீர்தான் கொள்ளும். 150 மடங்கு அழுத்தத்தில் அதில் 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர் ஆக்சிஜன் அடங்குகிறது. ஒரு டன் திரவ ஆக்சிஜன் வாயுவானால் சுமார் 740 கன மீட்டர், 105 சிலிண்டர். பின்னாளில் மாவட்ட மருத்துவமனைகளில் அமைத்த நிமிடத்துக்கு 1,000 லிட்டர் ஆலை, நாளுக்கு 1,440 கன மீட்டர் தரும். ஏறக்குறைய 2 டன், 205 சிலிண்டர். அதைப் பத்துப் பத்து லிட்டராகக் கொடுத்தால் நூறு பேருக்குப் போதும். மூக்குக் குழாய் வழியாக வேகமாகச் செலுத்தும் கருவிக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர்வரை வேண்டும்; அதே ஆலை பதினாறு பேரோடு நின்றுவிடும்.

டன் கணக்கும் சிலிண்டர் கணக்கும் மாவட்ட ஆட்சியருக்கு வேண்டியவை. இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு வேண்டியது நேரம் மட்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் நிறைந்த சிலிண்டர் பதினொன்றே முக்கால் மணி நேரம் தாங்கும். 60 லிட்டர் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். சிலிண்டரின் முள் அழுத்தத்தைக் காட்டும், மீதி எவ்வளவு நேரம் என்று காட்டாது. முள் 150-லிருந்து 75-க்கு இறங்கியிருந்து, கருவி 60-இல் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த சிலிண்டரை மாட்ட 58 நிமிடம் இருக்கிறது.